வறுத்த தூளும் இராயப்புவின் பியரும்

ஜெர்மனியின் பீலெஃபெல்டில் இராயப்பு காய்ச்சிய பியரைக் குடிக்க ரயில் நிலையம்வரை சனம் வரிசையில் நின்றது. சரி, சரி, முறைக்க வேண்டாம், கொஞ்சம் கூடத்தான் போய்விட்டது. வரிசை என்றால் கீழ்வீட்டுத் தங்கராசாவும் தங்கராசாவின் தாகமும். ஆனால் பியர் நல்ல பியர். அதில் புளுகு இல்லை.

இராயப்புவுக்கு ஒரு மதுச்சாலையில் சட்டி கழுவுகிற வேலை. அங்கே கண்ணாடிச் சுவருக்கு அப்பால், செம்புக் கொப்பரைகளில் சொந்தமாகவே பியர் காய்ச்சுவார்கள். இந்தப் பக்கம் கை சவர்க்காரத்தில் ஊறும், கண் அந்தப் பக்கம் நிற்கும். அவர் கேட்டதெல்லாம் அந்தக் கண்ணாடிக்கு உள்ளே ஒரு வேலை. கேட்டது மனதுக்குள்தான்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டளவில், எல்லோரும் உடுப்புத் தோய்க்கிற நிலவறையில் தானே காய்ச்சத் தொடங்கினார். சுங்கப் பகுதிக்கு முறைப்படி அறிவித்துவிட்டுத்தான். அகதியாய் வந்த மனிசன் தும்முவதென்றாலும் முதலில் விண்ணப்பம் போடுவான்.

முதல் பியர் வினாகிரி. குளியல் தொட்டியில் ஆறவைத்த பார்லிச் சாறு விடியும்வரை ஆறாமல் கிடந்து புளித்துப்போயிற்று.

"அண்ணை, இதை ஊறுகாய்க்கு ஊத்துங்கோ," என்றான் தங்கராசா.

"முழுக்கக் குடிச்சிட்டே சொல்லுறாய்?"

"குடுத்ததை வீணாக்கப்படாது அண்ணை."

புதுச் சாமான் வாங்கக் கை நீளவில்லை. பழைய சாமான் சந்தையில், ஜெர்மன் கிழவிகள் பழம் அவித்துப் போத்தலில் அடைக்கிற மின்சாரப் பானை கிடைத்தது. பானையின் வெப்பமானி பொய் சொன்னது. மதுச்சாலைச் சமையலறையில் எறிந்திருந்த, இறைச்சியில் குத்திப் பார்க்கிற மானியைக் கேட்டு எடுத்து வந்தார். கடற்கரைக்குக் கொண்டுபோகிற குளிர்ப்பெட்டி, குளிரைப்போலவே சூட்டையும் காக்கும் என்று கண்டுபிடித்தார். முளைக்கவைத்த பார்லியையும் சுடுநீரையும் அதற்குள் ஊற்றி, தன் ஒரே குளிர்கோட்டால் பெட்டியைச் சுற்றிக் கட்டினார். சூடு இறங்குகிறவரை அவர் நடுங்குவார், பெட்டி வேர்க்கும். குழாய் திருத்துகிறவன் கழித்துவிட்ட செம்புக் குழாயைச் சுருளாக வளைத்துக் கொதித்த சாற்றுக்குள் இறக்கி, அதனூடே பச்சைத் தண்ணீரை ஓடவிட்டார். விடியும்வரை ஆறாதது, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் நேரத்தில் ஆறியது. புளிப்புப் போயிற்று. தங்கராசாவின் நையாண்டியும் நின்றது. வாய் வேறு வேலையில் இருந்தது.

அப்போதுதான் கண்ணாடிக்கு உள்ளே ஒருவன் வேலையை விட்டுப் போனான். இராயப்பு முதன்முறையாக வாய் திறந்து முதலாளி டீக்மானிடம் கேட்டார். "உன்னுடைய பியரைக் கொண்டு வா," என்றான் டீக்மான். "நன்றாயிருந்தால் உள்ளே வா."

இராயப்பு அந்தப் பியருக்குக் காட்டிய பக்தியைக் கோயிலில் காட்டியிருந்தால் பாதிரியார் பயந்திருப்பார். ஆனால் அதைக் காய்ச்சிய அதே நாள் அவருடைய மனைவி கண்மணிக்குத் தூள் முடிந்துபோயிற்று. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம் எல்லாம் வறுத்து இடிக்காமல் எந்த யாழ்ப்பாண வீட்டில் கறி வைப்பார்கள்? மேலே வறுத்தால் மூன்றாம் மாடிக்காரி பொலிசைக் கூப்பிடுவேன் என்று கத்துவாள். ஆகவே கண்மணி அடுப்பைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு இறங்கினாள். ஒரு மூலையில் மிளகாய் புகைந்தது. மறுமூலையில் சாறு திறந்தபடி ஆறியது. நடுவில் இராயப்பு இருமினார்.

பியர் தெளிந்ததும் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். கண்மணி போத்தல் பையோடு வாசலில் நின்றாள். டீக்மான் ஒரு வாய் குடித்தான். முகம் சிவந்தது. "இது பியரில்லை, குழம்பு!" என்று கழுவுதொட்டிக்குள்ளேயே துப்பினான். சமையலறை முழுக்கச் சிரித்தது. துப்பியதை இராயப்புவே கழுவினார்.

கண்ணாடிக்கு உள்ளே வேறொருவன் வந்தான். அவன் கழுவாமல் விட்ட வாளிகளும் இராயப்புவின் தொட்டிக்கே வந்தன. செம்புச் சுருள் ஆணியில் தொங்கிப் பச்சை பிடித்தது. பானையில் விசேட வீடுகளுக்கு ஆட்டிறைச்சி அவிந்தது. கண்மணி தூள் வறுப்பதை விட்டு, கடைத் தூள் வாங்கினாள். புருசனின் பிழைப்பைத் தூள் போட்டுக் கெடுத்தவள் என்று தமிழ்ச் சனம் அவளைச் சொல்லிச் சிரித்தது. இராயப்புவும் கூடச் சிரித்தார். இன்றைக்கும் இந்தக் கதையை அவர்கள் வீட்டு மேசையில் இருந்துதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கண்மணி அடுப்படியில் நிற்கிறாள்.

"துப்பேல்லை மாமி."

கண்மணி கரண்டியோடு என் பக்கம் திரும்பிவிட்டாள்.

"என்னடி?" என்றேன்.

"அவன் துப்பேல்லை. குடிச்சால்தானே துப்புறதுக்கு? போத்திலைத் திறக்கவேயில்லை. இவருக்குக் கிட்ட வந்து கோட்டை மணந்து பார்த்தான். 'வீட்டில குழம்போ?' எண்டு கேட்டான். போத்திலை மேசையில வைச்சிட்டுப் போயிட்டான்."

"கண்மணி, விடு," என்றார் இராயப்பு.

"தூள் மணம் கோட்டிலதான் மாமி, பியரில இல்லை. இவர்தான் வெக்கத்தில எல்லாருக்கும் அப்பிடிச் சொன்னவர். நானும் பேசாமல் இருந்திட்டன். அந்தப் போத்திலை வீட்ட கொண்டுவந்து நான்தான் குடிச்சனான். வாழ்க்கையில ஒருக்காத்தான் பியர் குடிச்சனான். நல்லாத்தான் இருந்தது."