மாப்பிள்ளைக்கு முன்சீட்டு

வருசநாட்டிலிருந்து மலைக்கு ஏறும் ஜீப் நிறைந்தால்தான் கிளம்பும். நிறைவது என்றால் பின்னால் தொங்கக்கூட இடமில்லாமல் போவது. அதில் மாதம் ஒருமுறை என் தெர்மாகோல் பெட்டிக்கு மட்டும் தாராளமாக முன்சீட்டு. நான் அப்போது தேனியில் ஒரு சிறிய மருத்துவமனையில் மருந்தாளுநர். பெட்டிக்குள் இன்சுலின். மலையில் அங்கன்வாடிக்குச் சமைக்கும் அக்காவுக்கு அது காலையும் மாலையும் வேண்டும்.

டிரைவர் அண்ணனிடம் நாலு விதி சொல்லியிருந்தேன். வெயில் படக்கூடாது, இன்ஜின் சூடு படக்கூடாது, மேலே மூட்டை வைக்கக்கூடாது, உறையக்கூடாது.

"எங்க வீட்டு மாப்பிள்ளைக்குக்கூட இம்புட்டு உபசாரம் பண்ணலயே ஆத்தா" என்றார். அன்றிலிருந்து பெட்டிக்கு மாப்பிள்ளை என்றே பெயர்.

ஒரு சித்திரையில் நானும் கூடப் போனேன். ஆள் சேரத் தாமதமானது. சாப்பிட்டுவிட்டு வந்தால் முன்சீட்டு காலி.

"மாப்பிள்ளை எங்கண்ணே?"

"ஏசி ரூம்ல இருக்காரு."

டீக்கடையின் ஐஸ்கிரீம் பெட்டியைக் காட்டினார். குளிர் நன்றாக ஏறட்டும் என்று மாப்பிள்ளையின் மூடியையும் கழற்றி உள்ளே வைத்திருந்தார். முதல் மூன்று விதிகளில் ஒரு குறையும் இல்லை. குப்பிகள்தான் கல்லாகியிருந்தன.

"கரைஞ்சா சரியாயிராதா?"

"பார்க்க மருந்து மாதிரி இருக்கும். வேலை செய்யாதுண்ணே. அக்காகிட்ட சாயங்கால ஊசிக்கு வேற மருந்து இல்ல. ஊசி தவறினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடணும்."

அவர் முகம் சுண்டிப்போனது.

பூத்திலிருந்து தேனிக்குப் பேசினேன். அடுத்த பஸ்ஸில் கண்டக்டரிடம் வேறு மருந்து கொடுத்துவிடுவதாகச் சொன்னார்கள். அதற்குள் ஜீப் நிறைந்துவிட்டது. அன்றைக்கு மலைக்கு வேறு வண்டியும் இல்லை.

"ஏலே, வண்டிய எடு. அதான் நெறஞ்சிருச்சுல்ல" என்றார், மடியில் கோழியோடு இருந்த பெரியவர்.

"எங்கன நெறஞ்சிருக்கு? முன்சீட்டு காலியாக் கெடக்கு."

"அதுல நான் உக்காந்துக்கிறேன்."

"பொண்ணு வீட்டுக்காரக காத்திருப்பாக. மாப்பிள்ளை இல்லாம உங்களையும் கோழியையும் எறக்கிவிட்டா என்ன சொல்லுவாக?"

வண்டி முழுக்கச் சிரித்தது. ஒருவரும் இறங்கவில்லை. பஸ் வரும்வரை கோழி மட்டும் முனகிக்கொண்டிருந்தது.

மலையில் அக்கா சாலைக்கே வந்து நின்றிருந்தார்.

"ஏன் இம்புட்டு நேரம்?"

டிரைவர் அண்ணன் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். "மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சிருச்சு. தம்பியக் கூட்டியாந்திருக்கோம்."

அக்கா பெட்டியைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

"தம்பி பரவாயில்ல" என்றபடி ஊசி போட உள்ளே போனார்.