கவர் ஜென்ட்ஸ் கையில்தான்

மேமோகிராம் சென்டரில் கவுண்டர் வேலை என்பது, படம் எடுக்கும்வரை பெண்களோடு பேசுவது, படம் வந்த பிறகு ஆண்களோடு பேசுவது.

கோயம்புத்தூரில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு, புனே மகர்பட்டாவில் வேலை பார்க்கும் அண்ணன் வீட்டுக்குப் போனவள் நான். சத்தமாகப் பேச வராது. தமிழ் தெரியும் என்ற ஒரே காரணத்துக்காக அங்கே ஒரு சென்டரில் சேர்த்துக்கொண்டார்கள். உங்கள் உடம்பைப் பற்றிய சேதியை உங்களை உட்கார வைத்துக்கொண்டே வேறு யாரிடமோ சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம் கட்சிதான். கேளுங்கள்.

கூட யார் வந்திருக்காங்க?

ரோஸலின் டீச்சர் புனே கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தார். அவருடைய தாத்தா காலத்திலேயே அந்தக் குடும்பம் புனேக்கு வந்துவிட்டது. மத்தியானம் படம் எடுத்துவிட்டு, சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கத் தனியாக வந்தார்.

எங்கள் மேனேஜருக்கு ஒரு சட்டம் உண்டு. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். ரிப்போர்ட் கவரைக் கூட வந்த ஜென்ட்ஸ் கையில்தான் கொடுப்பார். பெண்கள் அங்கேயே பிரித்துப் பார்த்து அழுதால் மற்ற பேஷன்ட்டுகள் பயந்துவிடுவார்களாம். "ஸாத் மே கோன் ஹை?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றதும் கவரை மேஜைக்குள் வைத்துவிட்டு, டீச்சரின் கணவருக்கு போன் போடச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தும் போனை எடுத்து நம்பரைப் போட்டேன்.

டீச்சர் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "மெஷின்ல வெச்சு அமுக்குறப்ப கூட யாரும் வரக்கூடாதுன்னீங்க. கவர் வாங்க மட்டும் ஆள் வேணுமா?"

எங்களுக்குப் பயம்

கணவர் அந்தோணி, கசார்வாடியில் ஒரு ஒர்க் ஷாப்பில் சூப்பர்வைசர். மறுநாள் கையில் கிரீஸோடு ஓடி வந்தார். நல்ல மனுஷன்தான், பதறிப் போயிருந்தார். டாக்டர் மேடம் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். இடது மார்பில் சின்னதாக ஒரு மங்கல். அநேகமாக ஒன்றும் இருக்காது, ஆனால் படத்தை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இப்போதே ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்க்கலாம். அல்லது ஆறு மாதம் பொறுத்து இன்னொரு படம் எடுத்து ஒப்பிடலாம். "உங்க கேஸ்ல ரெண்டுமே தப்பில்லை. உங்களுக்கு எது மனசுக்குச் சரின்னு படுது?" என்றார். டீச்சரைப் பார்த்துத்தான் கேட்டார்.

பதில் வந்தது அந்தோணி சாரிடமிருந்து. "நாங்க வெயிட் பண்றோம் மேடம். எங்களுக்கு ஊசின்னா ரொம்ப டர் லக்தா ஹை."

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். "அரே, நான் எப்ப பயந்தேன்? டெட்டனஸ் ஊசிக்கு மயங்கி விழுந்தது நீங்கதானே?"

பொண்ணு வீடு

அந்த வாரமே கவுண்டருக்கு ஒரு போன். கோந்த்வாவிலிருந்து, அந்தோணி சாரின் அக்கா. ஊசி குத்தினால் கட்டி உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஆரம்பித்தார். அப்படியெல்லாம் இல்லை என்று டாக்டர் சொன்னதை என் கிணற்றுக் குரலில் சொன்னேன். அவர் காதில் விழவில்லை, அல்லது விழ வேண்டியிருக்கவில்லை. விஷயம் வேறு. டீச்சரின் மகளுக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த மங்கல் தெரிந்தால், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும் என்று நிறுத்திவிடுவார்களாம்.

ஆக, அந்த ஆறு மாதம் டாக்டர் சொன்ன ஆறு மாதம் இல்லை, கல்யாண மண்டபம் சொன்ன ஆறு மாதம். டீச்சர் உடம்பில் இருப்பது என்னவென்று தெரிய வேண்டிய அவசியம் டீச்சரைத் தவிர யாருக்கும் இல்லை! ரிசீவரை வைக்கப் போகும்போது அந்த அம்மாள் குழைந்தார்: "ரிப்போர்ட்டைக் கொஞ்சம் நல்லபடியா மாத்தி எழுதித் தாங்கம்மா. நாங்க பொண்ணு வீடு, புரிஞ்சுக்குங்க."

மதிய இடைவேளை

இரண்டு நாள் கழித்து, மதிய இடைவேளையில் டீச்சர் தனியாக வந்தார். புடவையில் சாக்பீஸ் தூள். டாக்டரிடம் தானே கேள்வி கேட்டார். காத்திருந்தால் என்ன தெரியும், குத்தினால் என்ன தெரியும், குத்தியும் தெரியாமல் போக வாய்ப்பு உண்டா. காத்திருப்பதும் வைத்தியம்தான், தவறாமல் திரும்பி வரவேண்டும், அதுவரை நிம்மதியாக இருக்கவும் முடியவேண்டும் என்றார் டாக்டர். "எனக்கு முடியாது. குத்தி எடுத்துப் பாத்துடுங்க" என்றார் டீச்சர்.

வெளியே மேனேஜர் வழி மறித்தார். கணவர் கையெழுத்து வேண்டுமாம். அப்போதுதான் என் குரல் எனக்கே கேட்டது. "சார், பேஷன்ட் மேஜர். அவங்க கையெழுத்து போதும்." ஹாலே திரும்பிப் பார்த்தது. நான் உட்காரவில்லை. "போன் பண்ணின நாத்தனாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொல்லு, நாளைக்குச் சண்டைக்கு வருவாங்க" என்று மேனேஜர் என்னிடம் இந்தியில் முணுமுணுத்தார்.

டீச்சர் பேனாவைத் திறந்துகொண்டே அவருக்கு இந்தியிலேயே சொன்னார்: "பரீட்சைப் பேப்பர்ல எழுத்து புரியலைன்னா, எழுதின பிள்ளையைக் கூப்பிட்டுக் கேப்பேன் சார். அதோட அத்தையைக் கேக்க மாட்டேன்."

ஒண்ணுமில்லை

ரிசல்ட் வந்த அன்று அந்தோணி சார் முன்னால் வந்து கை நீட்டினார். நான் கவரை அவரைத் தாண்டி, பின்னால் நின்ற டீச்சரிடம் கொடுத்தேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். செருமட்டும்.

டீச்சர் அங்கேயே பிரித்தார், படித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புற்று இல்லை. அழவும் செய்தார், யாரும் பயந்துவிடவில்லை. அந்தோணி சார் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே, "பார்த்தியா ரோஸ்? நான்தான் சொன்னேனே, ஒண்ணுமில்லைன்னு. வீணா போய்க் குத்திக்கிட்டே" என்றார்.

"நீங்க சொன்னீங்க," என்றார் டீச்சர், கவரைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டே. "எனக்குத் தெரிஞ்சது இன்னைக்குத்தான்."

அந்த மெஷின் ஒரு பெண்ணை அமுக்குவது சில நொடிதான். மிச்ச நேரமெல்லாம் அமுக்குவது கூட வந்தவர்கள்.