அவர் விட மறுத்த மூச்சு

என் வீட்டுக்காரருக்குத் தோற்பது என்றாலே ஆகாது. ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்துப் பக்கம் ஆழத்தில் வலை சிக்கினால் மூழ்கி எடுப்பவர் அவர்தான். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பசியாவரத்தில் அதற்கு ஒரு பந்தயமும் உண்டு. இருவர் ஒன்றாக மூழ்க வேண்டும். முதலில் தலை தூக்கியவன் ஜெயித்தவனின் வலையை அலச வேண்டும். மேலே இருப்பவர்கள் சும்மா இருப்பார்களா? படகைத் தட்டி, "அவன் எய்ந்துட்டான், மூச்ச உடுடா!" என்று புளுகுவார்கள். அதை நம்பி எழுந்த ஏமாளிகள் ஊர் நிறைய. இவர் மட்டும் ஒருநாளும் நம்பியதில்லை.

எண்பதுகளில் ஒரு மழைக்காலத்தில் அவரை இருமல் பிடித்தது. இருமல் போன பிறகும் எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் ஒரு நிழல் நின்றது. அந்த இடத்துக்குக் காற்றே போகவில்லையென்றால் அறுத்து எடுக்க வேண்டும் என்றார் மெட்ராஸ் டாக்டர். அறுத்துவிட்டால் மூழ்குவதை மறந்துவிட வேண்டியதுதான். காற்று போகிறதா என்பது எக்ஸ்ரேயில் தெரியாதாம். ஏதோ ஒரு கேஸை இழுக்க வைத்து, அது போகிற இடத்தையெல்லாம் காமிராவில் பார்ப்பார்களாம்.

"கேஸா? உள்ள போயி பத்திக்கினா இன்னா சார் பண்றது?"

"இது அடுப்பு கேஸ் இல்லப்பா. பீடியை மட்டும் விட்டுடு" என்று சிரித்தார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்னைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே இவர் முகத்தில் மூடி. மெஷின்காரர், "நல்லா இழுங்க. அப்படியே நிறுத்துங்க" என்றார். இவர் நிறுத்தினார். என்னையறியாமல் நானும் நிறுத்தினேன்.

"போதும், விடுங்க."

விடவில்லை.

"விடுங்கன்னு சொல்றேனே!"

இவர் கண்ணை இறுக்கிக்கொண்டார். மெஷின்காரர் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு மூச்சு முட்டி, விட்டபோதுதான் விஷயம் உறைத்தது. கண்ணாடியைப் படபடவென்று தட்டினேன்.

"யோவ், நெசமாத்தான்யா சொல்றாரு! நானே உட்டுட்டேன், நீதான் கெலிச்ச!"

அப்புறம்தான் விட்டார். மூடிக்குள் ஒரு இளிப்பு வேறு.

டாக்டர் படத்தைக் காட்டினார். இரண்டு பக்கமும் புள்ளி புள்ளியாக நிறைந்திருந்தது. "அடியில கொஞ்சம் மெதுவா போகுது. ஆனா போகுது. அறுக்க வேணாம்" என்றார்.

"அப்ப மொகத்துவாரம் அடபடல" என்றார் இவர்.

டாக்டர் விழித்தார். மணல் மூடினால் ஏரிக்குள் கடல்தண்ணீர் வராது, மீனும் வராது என்று விளக்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் ஓவென்று அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

ஊர் திரும்பும் பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது என்னை இடித்தார்.

"தோத்தது யாரு, சொல்லுமே?"

"நாந்தான், போய்யா."

உடம்பு தேறி, மீண்டும் தொழிலுக்குப் போன முதல் நாள், ஈரவலையை அப்படியே கொண்டுவந்து என் காலடியில் போட்டார். சேறும் பாசியும் நண்டுக் காலுமாக நாறியது. பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரிக்கச் சிரிக்க, ஒரு கண்ணி விடாமல் நானே அலசினேன்.