பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

சென்ற புதன்கிழமை காலை, புந்தோங்கில் ஒரு லாரியை நடுரோட்டில் மறித்து, "என் கம்ப்யூட்டரைக் குடுங்க!" என்று கத்தினேன்.

லாரிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு பயந்தபடியே ஒரு துரியானை எடுத்து நீட்டினார்.

துரியான் லாரி!

சிரிக்காதீர்கள். பதற்றத்தில் இருப்பவனுக்கு எல்லா ஒலிபெருக்கியும் ஒரே மாதிரிதான் கேட்கும். நடந்ததை முதலிலிருந்து சொல்லி விடுகிறேன்.

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் வாராவாரம் ஊரைக் கிண்டல் செய்வது போக, மீதி நேரத்தில் நான் ஜெலாப்பாங்கில் ஒரு மசாலைத் தூள் கம்பெனியில் மேனேஜர். ஆள் எடுப்பது, லீவு கொடுப்பது, லீவு கேட்டவர்களைத் திட்டுவது... இதுதான் என் இலாகா. எங்கள் முதலாளி வள்ளியப்பன் போன மாதம் கோலாலம்பூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய் வந்தார். வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"நம்ம கம்பெனி இனிமே டிஜிட்டல்ல பொறுப்பா நடந்துக்கணும். கரண்டை வீணாக்கக் கூடாது, வேண்டாத ஃபைலைச் சேத்து வைக்கக் கூடாது, பழைய கம்ப்யூட்டரைக் குப்பையில வீசக் கூடாது. பெரிய கடைக்காரங்க இப்ப இதையெல்லாம் கேட்டுத்தான் சரக்கு எடுக்குறாங்க. நீங்கதான் பொறுப்பு."

"நானா, முதலாளி?"

"நீங்கதான். ஜோக்கு அடிக்காம செய்யணும்."

ஆரம்பம் பிரமாதம். மாலையில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றேன். அணைத்தார்கள். கம்பெனி வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் சொல்லும் பூப்படங்கள் கூடாது என்றேன். அங்கேதான் புரட்சி வெடித்தது.

"என்னாண்ணே பேசுறீங்க?" என்றார் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி. "சிலிம் ரிவர்ல இருக்குற எங்க மாமா ஒரு நாளு ரோசாப்பூ போடல. சொந்தக்காரங்க பூரா மாலையோட வந்து எறங்கிட்டாங்க லா!"

சரி, திங்கட்கிழமை மட்டும் பூ போடலாம் என்று சட்டத்தைத் திருத்தினேன். ஜனநாயகம் என்றால் விட்டுக்கொடுக்கத்தானே வேண்டும்?

அடுத்து என் கண்ணில் பட்டவை, மாடிப்படிக்குக் கீழே தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டர்கள். ஏன் இத்தனை காலம் யாரும் தூக்கிப் போடவில்லை? காரணம் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு அவற்றுக்குச் சந்தனம், குங்குமம் வைத்திருக்கிறோம். சாமி கும்பிட்ட சாமானை எவன் வீசுவான்? பழுதாகிப் போன பிறகும், படிக்குக் கீழே போன பிறகும், பொட்டு மட்டும் வருஷம் தவறாமல் கிடைத்துக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பார்த்து வாசலில் ஒலிபெருக்கிக் குரல் கேட்டது. "பேப்பர் லாமா... சுராட் காபார் லாமா..." பழைய பேப்பரும் இரும்பும் எடுக்கும் லாரி. ஓட்டி வந்தவர் ஒரு சீனப் பெரியவர். புந்தோங்கிலேயே பிறந்து வளர்ந்தவர். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார்.

மறுசுழற்சி! சுற்றுச்சூழல்! பொறுப்பு! நானே ஓடியாடி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினேன். கிடைத்த காசுக்கு ஆபீசுக்கே உருளைக்கிழங்கு வைத்த கறிபாப் வாங்கிக் கொடுத்தேன். உலகத்தைக் காப்பாற்றிய களைப்போடு நான் இரண்டாவது கறிபாப்பைக் கடித்தபோதுதான் கணக்குப் பிரிவிலிருந்து ரோஸ்மேரி வந்தார்.

"அண்ணே, உங்க பழைய கம்ப்யூட்டரும் போயிருச்சா?"

"அதான் முதல்ல போச்சு. ஏம்மா?"

"என்னோட ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டை அதுலதானே ஏத்தி வச்சீங்க?"

"அட, அது போன மாசமே செத்துப்போன கம்ப்யூட்டர்ம்மா. சுவிட்சு போட்டாலே எரியாது."

ரோஸ்மேரி என்னையே பார்த்தார். "நேத்து என் காரும் ஸ்டார்ட் ஆகலண்ணே. உள்ள வச்ச ஹேண்ட்பேக் எங்கயும் போயிடல."

கடித்த கறிபாப்பைத் திரும்பவும் தட்டிலேயே வைத்தேன்.

விஷயம் இதுதான். லீவு வேண்டும் என்பதற்காக, ரோஸ்மேரி ஒரு மருத்துவ அறிக்கையை என்னிடம் கொடுத்திருந்தார். வீட்டில் இன்னும் சொல்லவில்லை, சர்ச்சில் தெரியாது, உங்களுக்கு மட்டும்தான் என்றார். நானும் நெஞ்சில் கைவைத்து, "இந்த ரூமைத் தாண்டாது" என்றேன். ரூமையா? இப்போது அது ஒலிபெருக்கி கட்டிய லாரியில் ஏறி, ரோஸ்மேரி குடியிருக்கும் புந்தோங் பக்கமே ஊர்வலம் போய்க்கொண்டிருந்தது.

என் மூளை இருக்கிறதே, அது பதற்றத்துக்கென்றே வாங்கிப் போட்ட இயந்திரம். எவனோ அந்தக் கம்ப்யூட்டரை வாங்குகிறான், ரிப்பேர் செய்கிறான், ரிப்போர்ட்டைப் படிக்கிறான், வாட்ஸ்அப்பில் போடுகிறான்... கீழே ஒரு ரோஜாப்பூவோடு! நிமிஷத்துக்குள் இவ்வளவும் ஓடிவிட்டது. என் கார்ச் சாவியைத் தேடினேன். கையிலேயே இருந்தது. அப்படியும் தேடினேன்.

"வாங்கண்ணே, நான் ஓட்டுறேன். நீங்க ஓட்டினா ரெண்டு பேருமே ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றார் ரோஸ்மேரி.

யாருடைய ரகசியம்? அவருடையது. யாருக்கு வியர்த்தது? எனக்கு.

புந்தோங்கில் சந்து சந்தாகச் சுற்றினோம். துரியான் லாரி கதைதான் தெரியுமே. அது முடிந்து காரில் ஏறியதும், ரோஸ்மேரி முதல்முறையாகச் சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். "அண்ணே... அம்மாவுக்கு நாந்தான் சொல்லணும். வேற யாரும் சொல்லிடக் கூடாது," என்றார், ரோட்டைப் பார்த்தபடி.

நான் கண்ணாடியை இறக்கி, அடுத்த சந்தில் லாரி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு டீக்கடைக்காரர்தான், பெரியவரின் இடம் எது என்று கை காட்டினார். போனால்... கம்ப்யூட்டர் மலை! எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தூசி.

"ஐயோ, எல்லாம் கலந்துபோச்சே லா," என்றார் பெரியவர். "எது தம்பி ஒன்னோடது?"

எனக்கு என்ன தெரியும்? இத்தனை வருஷம் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், முகம் தெரியவில்லை.

"பொட்டைப் பாருங்கண்ணே!" என்றார் ரோஸ்மேரி.

பார்த்தேன். மலையின் ஓரத்தில் வரிசையாக எங்கள் பிள்ளைகள், நெற்றியில் குங்குமத்தோடு! அதிலும் என் கம்ப்யூட்டர் தனியாகத் தெரிந்தது. அது அடிக்கடி நின்றுபோகும் என்பதால், பூஜைக்குப் பூஜை நான் அதற்கு மட்டும் கூடுதலாகச் சந்தனம் அப்புவேன். கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. பூஜை நாளில் சுண்டலுக்காக மட்டும் எட்டிப் பார்க்கும் ரோஸ்மேரிதான் அதை முதலில் ஓடிப் போய்த் தொட்டார்.

பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "உள்ள என்னா இருக்கு? தங்கமா?"

"தங்கம் இல்ல, அங்கிள். நான் இருக்கேன்," என்றார் ரோஸ்மேரி.

பெரியவர் உடனே உள்ளே போய் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துக் கொடுத்தார்.

ஒவ்வொன்றாகத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினோம். கையடக்கப் பெட்டி. அதற்குள் கம்பெனி ஆட்கள் எல்லோருடைய ஐசி அடையாள அட்டை நகல், பேங்க் எண், சம்பளம், வியாதி. நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வாசலுக்குக் கிரில், கேட்டுக்குப் பூட்டு, பூட்டுக்குப் பூட்டு, இது போதாதென்று ஒரு நாய். ஆனால் நம்மை நம்பி மற்றவர்கள் கொடுத்த விவரம்? அதைக் கறிபாப்புக்குக் கொடுத்து விடுகிறோம். பொறுப்பு என்றால் குறைவாகச் சேர்ப்பது, வீசாமல் இருப்பது என்று மட்டும் நினைத்திருந்தேன். யாருடையதைச் சேர்த்து வைத்திருக்கிறோம் என்று ஒரு தடவையாவது யோசித்தேனா?

அன்று மாலை என் கைப்பேசியைத் திறந்தேன். துரியான் படத்துக்கும் பேத்தி படத்துக்கும் நடுவில், எங்கள் லாரி டிரைவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஐசி படங்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன். பதற்றத்தில் பேத்தியில் பாதியும் போய்விட்டாள். மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் கம்பெனிப் பட்டறையில் டிரில் மிஷினோடு கூடினோம். என் ஹார்ட் டிஸ்க்கில் ரோஸ்மேரியே ஓட்டை போட்டார். ஒன்று போதும் என்றோம். அவர் நிறுத்தவில்லை. பிறகு, பெரியவருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்து, வெறும் கூடாகிப்போன பெட்டிகளை முறையாக மின்கழிவு எடுக்கும் இடத்துக்கு நிம்மதியாக அனுப்பினோம்.

முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர், "இனிமே எந்தக் கம்ப்யூட்டர் வெளிய போனாலும், ரோஸ்மேரி பாத்துச் சரின்னு சொல்லணும்," என்றார். எனக்கு மேல் அதிகாரி!

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து, ரோஸ்மேரி தன் அம்மாவிடம் தானே சொன்னார். அம்மா அழவில்லையாம். "அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்," என்று மட்டும் சொன்னாராம்.

என்ன வியாதி என்றுதானே கேட்கிறீர்கள்? அதற்காகவா நான் துரியான் லாரியை மறித்தேன்... அவர் பெயரே ரோஸ்மேரி இல்லை, போங்கள்!