நாலு பேர் நிமிர்த்திய கூடாரம்

“அப்ப நான் செஞ்சதுக்குப் பேரு என்னடி?”

சுலக்ஷனா அக்கா இதைக் கேட்டபோது, ஹட்டனில் நேர்முகப் பரீட்சை வகுப்பு முடிந்து, றொசல்ல பக்கம் போகும் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தோம். இப்போதுதான் எனக்குப் பதில் தெரியும். தெரிந்ததால்தான் இவ்வளவு கோபம்.

அக்காவுக்கு எங்கள் பக்கத்து வீடு. உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்தும் இரண்டு வருடமாக வேலை இல்லை. அப்போதுதான் ஹட்டனில் ஒரு நிதிக் கம்பனி வாடிக்கையாளர் சேவைக்கு ஆள் எடுப்பதாக விளம்பரம் வந்தது. அது கிடைத்தால் வீட்டில் இருந்தபடியே வேலைக்குப் போய், சனி ஞாயிறுகளில் வெளிவாரிப் பட்டம் படிக்கலாம். கிடைக்காவிட்டால் கொழும்பில் அவளுடைய மாமா நல்லமுத்து பார்த்து வைத்திருக்கும் புடவைக் கடைக்குப் போக வேண்டும். நாள் முழுக்க நின்றபடி வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. படிப்பு அத்தோடு முடிந்துவிடும்.

வகுப்பு நடத்தியவர் யோகேஸ்வரன் சேர். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த நானும் அக்காவுக்குத் துணையாகப் போனேன். கம்பனிகள் இப்போது பாடத்தில் கேள்வி கேட்பதில்லை, நாம் வாழ்க்கையில் என்ன செய்தோம் என்றுதான் கேட்கின்றன என்று சேரே சொன்னார். ஒரு சண்டையை எப்படித் தீர்த்தீர்கள்? நாலு பேரை எப்படிச் சேர்த்து வேலை வாங்கினீர்கள்? இப்படிச் சொல்லிவிட்டு, பதிலையும் அவரே சொல்லி எழுத வைத்தார்: பாடசாலை விளையாட்டுப் போட்டியில் மழை பெய்தது, கூடாரம் சரிந்தது, சண்டை போட்டுக்கொண்டிருந்த இரண்டு விளையாட்டு இல்லத்தாரையும் சமாதானப்படுத்தி நான்தான் கூடாரத்தை நிமிர்த்தினேன். வகுப்பில் இருந்த எல்லாருக்கும் இதே வாழ்க்கை. வரலாற்றுப் பாடம் போல மனப்பாடம் செய்தார்கள்.

அக்கா எழுந்து, “சேர், எங்க பீலியில நடந்தத சொல்லலாமா?” என்று கேட்டாள்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எல்லா வீட்டுக்கும் தண்ணீர் ஒரே பீலியில்தான். போன கோடையில் அது நூல் மாதிரி ஒழுகியது. குடம் உடைந்தது, முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். அக்காதான் வீடு வீடாகப் போய்ப் பேசி ஒரு வரிசை வைத்தாள். கொழுந்து பறிக்கப் போகுமுன் விடியற்காலையில் பெரட்டில் பேர் கொடுக்க ஓடும் அம்மாமார் முதலில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் அடுத்தது, மற்றவர்கள் பிறகு. ஜீவராணி அத்தைக்கும் பூரணி சித்திக்கும் பல வருடமாகப் பேச்சு இல்லை. அவர்கள் குடங்களுக்கு நடுவில் அக்கா தன் குடத்தை வைத்தாள். “சண்ட போடணும்னா என் குடத்தத் தாண்டிப் போடுங்க” என்றாள். அத்தை சிரித்துவிட்டார். மழை வரும்வரை அந்த வரிசை குலையவில்லை.

சேர் இதை முழுதாகக் கேட்கவே இல்லை.

“பீலிச் சண்டையெல்லாம் அங்க போய்ச் சொல்லாதம்மா. லயத்துப் புள்ளன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுப் போகப் போறியா?”

வகுப்பே சிரித்தது. சேரும் லயத்தில் பிறந்தவர்தான்.

நேர்முகப் பரீட்சைக்கும் நான் துணைக்குப் போனேன். அக்காவோடு சேர்த்து எங்கள் வகுப்பிலிருந்தே ஐந்து பேர் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் தனுஜா போனாள். மூன்றாவது ஆள் உள்ளே இருந்தபோது சிரிப்புச் சத்தம் கேட்டது. நாலாவதாகப் போன ரிஸ்கான் முகம் சிவந்து வெளியே வந்தான்.

“அந்தக் கூடாரம் இன்னும் விழுந்துகிட்டுத்தான் இருக்கான்னு கேக்குறாங்க.”

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். “பீலியச் சொல்லுங்கக்கா.”

“கூடாரத்துக்கே சிரிக்கிறாங்க. இதுக்குச் சிரிக்க மாட்டாங்களா?” என்று கையை உதறிவிட்டு உள்ளே போனாள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு சொன்னாள். அங்கே இருந்த மிஸ் நல்லவிதமாகத்தான் கேட்டாராம்: “மழை, கூடாரம் வேணாம். வீட்டுல, அக்கம்பக்கத்துல, எங்கயாவது ஒரு சண்டைய நீங்க தீர்த்து வச்சிருக்கீங்களா?”

“அப்படி ஒன்னும் நடக்கல மிஸ்” என்று அக்கா சொல்லிவிட்டு வந்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை சேரிடம் போய்க் கேட்டேன்.

“அஞ்சு பேரும் ஒரே எடத்துக்குப் போனா நான் என்னம்மா பண்றது? பதில் சரியான பதில்தான்.”

“அது யாரோட பதில் சேர்?”

“ஒனக்கு இன்னும் ரிசல்ட்டே வரல. வாய் மட்டும் வந்துருச்சு.”

அக்கா கொழும்புக்குப் போய்விட்டாள். கால் வீங்கியிருக்கிறது என்று தொலைபேசியில் சொன்னாள். பட்டப்படிப்பு பற்றி நான் கேட்டதும் பேச்சை மாற்றினாள்.

அக்கா பீலியில் செய்ததற்குப் பேர் சண்டையைத் தீர்ப்பது; அந்த மிஸ் கேட்டதும் அதைத்தான். வேலை கிடைக்காதது மட்டும் என் கோபம் இல்லை. தான் செய்ததை ஒன்றும் இல்லை என்று அவளையே சொல்ல வைத்துவிட்டார்கள். அதற்குக் காசு வாங்கிக்கொண்டு வகுப்பும் நடத்துகிறார்கள். வகுப்பு நடக்கும் அந்த மேல்மாடியில் இன்றைக்கும் யாரோ அந்தக் கூடாரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்கள்.

உங்கள் தோட்டத்தில் நேர்முகப் பரீட்சைக்குத் தயாராகும் ஒரு பிள்ளையாவது இருக்கும். இதை அந்தப் பிள்ளைக்கு அனுப்புங்கள். போய் வந்த பிறகு அனுப்பிப் பயனில்லை. இன்றைக்கே அனுப்புங்கள்.