சேலை அடைத்த குழாய்

எங்கள் பேஸ்மென்ற் நிலம் வெறும் கொங்கிறீற். மேலே மெல்லிய கார்பெற் மட்டும். யூனிவெர்சிற்றி தொடங்கிய மகள் தனி அறை வேண்டுமென்று கீழே குடிபோனாள். முதல் பனிக்காலத்திலேயே இரண்டு சோடி காலுறையோடு கட்டிலில் ஏறியிருந்துதான் படித்தாள்.

வீட்டைச் சூடாக்கும் காஸ் பேர்னஸ் அவள் அறைக்குப் பக்கத்தில். அங்கே வெளிச்சுவரிலிருந்து ஒரு குழாய் இறங்கி நிலத்தருகே வாயைத் திறந்துகொண்டிருக்கும். அதற்குள்ளால் குளிர்காற்று கொட்டும். வீடு கட்டியவர்கள் விட்ட பிழை என்றே நினைத்தேன். முன்பு பதினொரு வருடம் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில் இருந்தோம். அங்கே சூடு தானாக வரும். எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் கேட்டதேயில்லை. என் பழைய நூல்சேலை ஒன்றைச் சுருட்டிக் குழாய்க்குள் இறுக்கி அடைத்தேன். கணவரைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

மூன்று நாளாக மகள் தலையிடி என்றாள்.

"ஃபோனைப் பாத்துப் பாத்துத்தான் உனக்கு உது," என்றேன்.

நான்காம் நாள் காலை கீழே சுவரிலிருந்த நச்சுவாயு அலாரம் கத்தியது. மகள் எழும்பவில்லை. மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

கணவர் ஃபோன் பண்ணி வந்த தீயணைப்புக்காரர்களில் ஒருவர் அந்தக் குழாயிலிருந்து சேலையை உருவி எடுத்தார். காஸ் எரியத் தேவையான காற்று அந்தக் குழாய்க்குள்ளால்தான் வருகிறதாம். காற்றுப் போதாமல் எரிந்து, மணமில்லாத நச்சுவாயு வீட்டுக்குள் நிறைந்திருக்கிறது. சேலையை என் கையில் தந்தார். ஏசியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு மகள் சுகமாக வந்தாள். இனி இந்த வீட்டில் எதுவும் எரியக்கூடாது என்றேன். காஸ் இல்லாமல் கரண்டில் வீட்டைச் சூடாக்கும் ஹீற் பம்ப் பூட்டுகிற தமிழ்த் தம்பி ஒருவர் வந்தார். காலுறையைக் கழற்றி வெறுங்காலோடு எங்கள் நிலத்தில் நின்று பார்த்தார்.

"அக்கா, இது இளஞ்சூட்டுக் காத்தைத்தான் விடாம ஊதும். உந்த நிலம் அதைக் குடிச்சுக்கொண்டே இருக்கும். முதல்ல நிலத்துக்கு ஃபோம் போட்டுப் பலகை அடியுங்கோ. கடுங்குளிருக்கு மட்டும் பழைய பேர்னஸை வச்சிருக்கலாம். கனபேர் அப்பிடித்தான் செய்யினம்."

"வேண்டாம். அது போகோணும்."

"மைனஸ் இருபத்தஞ்சு வந்தா?" என்றார் கணவர்.

"உள்ளுக்கு ஒரு கரண்ட் ஹீற்றர் வைக்கலாம் அண்ணை. பில்தான் கொஞ்சம் கடிக்கும்."

"பில் கடிச்சு ஒருத்தரும் சாகேல்லை," என்றேன்.

நிலத்தை உயர்த்தினால் தலை முட்டும் என்று கணவர் இழுத்தார்.

"அப்பா, யூ ஆர் ஷோர்ட். யூ வில் பி ஃபைன்," என்றாள் மகள். அந்த வீட்டில் பல நாளுக்குப் பிறகு கேட்ட முதல் சிரிப்பு அது.

நிலம் போட்டு முடிந்தது. பேர்னஸும் தண்ணீர் சூடாக்கும் தாங்கியும் வெளியே போயின. கடைசி வேலையாகத் தம்பி அந்தக் குழாயின் வாயை மூடப் போனார். என்னை அறியாமலே அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"இனி உள்ள ஒண்டும் எரியாது அக்கா. உதைக் கட்டாயம் மூடோணும், குளிர் வரும்."

"தண்ணி சூடாக்கிறது?"

"கரண்ட்."

"அடுப்பு?"

"அதுவும் கரண்ட். காலமையும் கேட்டனீங்கள்."

மகள் வெறுங்காலோடு இறங்கி வந்தாள். "அம்மா, லெட் கோ. அவற்ற கையை விடுங்கோ."

விட்டேன். மூடினார்.

அறை இப்போது சூடாகத்தான் இருக்கிறது. காலையில் படிக்கட்டில் நின்று ஒரு தரம்தான் மகளைக் கூப்பிடுகிறேன். பதில் வரும்வரை அடுத்த படியில் கால் வைக்க என்னால் முடிவதில்லை.