மண்டோர் பாட்டு

மலேசியாவின் கோலா சாவா தோட்டத்தில் நானும் குமாரும் ஹெவி மெட்டல் குழு தொடங்கினோம். நான் கிட்டார், அவன் டிரம்ஸ். எங்கள் தாத்தாக்களைத் தோட்ட வேலையில் ஆட்டிப்படைத்த மேற்பார்வையாளனான மண்டோரைத் திட்டி ஒரு பாட்டு எழுதினேன். அதைப் பதிவு செய்தபோது ஒவ்வொரு முறையும் குமார் தாளத்தை முந்தி ஓடினான். எரிச்சல் தாங்காமல், அவனிடம் கேட்காமலே அவன் வாசிப்பை அழித்து, கணினித் தாளத்தைப் போட்டு வெளியிட்டேன்.

மறுநாள் என் காரில் பாட்டை முழுதாகக் கேட்டான்.

"நல்லாதான் இருக்கு லா. இதுல நான் எங்கடா?"

"நீ ஒழுங்கா அடிச்சிருந்தா நான் ஏன்டா மாத்தப் போறேன்?" என்று கத்தினேன்.

"மண்டோரும் இப்படித்தான்டா பேசியிருப்பான்" என்று சொல்லி இறங்கிப் போனான். திரும்பி வரவேயில்லை.

இப்போதும் மேடையில் அந்தப் பாட்டைத்தான் கேட்கிறார்கள். எனக்குப் பின்னால் லேப்டாப் வாசிக்கிறது. ஒருமுறைகூட அது என்னை முந்தி ஓடியதில்லை. எரிச்சலாக இருக்கிறது.